எடுத்து வளர்க்கும் பிள்ளை யாருடைய பெயரில்?

பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு பச்சைக் குழந்தையை எடுத்து வளர்க்கப்போவதாக வாய் திறந்தால் நமது ஊர்களில் இரண்டு விதமான பதில்கள் வரும். "இஸ்லாத்தில தத்தெடுப்பு இல்ல, அது ஹராம்" என்பது ஒன்று. "அல்லாஹ் தந்த புள்ள. ஒங்கட பேரையே போட்டுப் பதிஞ்சிருங்க, ஒருத்தருக்கும் தெரியவரா" என்பது மற்றது. இரண்டையும் சொல்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதலாவது பேச்சை நம்பி ஆசையை அடக்கிக்கொண்ட வீடுகளையும், இரண்டாவது பேச்சை நம்பிப் பின்னால் தலையில் கைவைத்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கும் ஒருத்தியிடம் பெற்றோர் பாடத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. "டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும்" என்று தொடங்கிக் கதவைப் பார்த்துக்கொண்டு கேட்ட பெண்கள் பலருக்கு அரைகுறையாகச் சொன்னவற்றைச் சட்டப் புத்தகங்களையும் மார்க்க நூல்களையும் பார்த்து இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'தத்து' என்ற வடசொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். 'சுவீகாரம்' என்றால் தனதாக்கிக் கொள்ளுதல். நமது நாட்டுச் சட்டத் தமிழில் வழங்குவது 'மகவேற்பு', அதாவது மகவை ஏற்றல். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையை ஏற்கும் வழக்கம் இருந்தது. அரபியில் இதற்குத் 'தபன்னீ' என்பார்கள். 'இப்னு' என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது அது. ஒருவரை மகனாக்கிக் கொள்ளுதல் என்று பொருள். அல்குர்ஆன் தடுத்தது இந்தத் தபன்னீயைத்தான். இன்னொருவர் பெற்ற பிள்ளையை உணவளித்து, உடுத்தி, படிக்கவைத்து, மடியில் வைத்து வளர்ப்பதற்கு அரபியில் வேறு சொல் இருக்கிறது. அது 'கஃபாலா', பொறுப்பேற்றல். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் வளர்த்ததைச் சொல்லும் ஆல இம்ரான் 37ஆம் வசனத்தில் வருவது இந்தச் சொல்லின் வேர்தான். நாம் இரண்டு சொற்களையும் 'தத்தெடுப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிட்டதால்தான் பாதிக் குழப்பம்.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாறு எல்லோரும் அறிந்ததே. சிறு வயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். அவரை மீட்டுப்போக வாப்பாவும் வாப்பாவின் சகோதரரும் தேடி வந்தபோதும் நபி (ஸல்) அவர்களோடு இருப்பதையே தெரிவுசெய்தார். அவரை 'முஹம்மதின் மகன் ஸைத்' என்றே மக்கா மக்கள் அழைத்தார்கள். சூரா அல்-அஹ்ஸாபின் 4ஆம், 5ஆம் வசனங்கள் இறங்கிய பின் அவர் மீண்டும் 'ஹாரிஸாவின் மகன்' ஆனார். இந்த இடத்தில் பலர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். பெயர்தான் மாறியது. நபியவர்கள் அவர் மீது வைத்திருந்த அன்பு குறையவில்லை. முஃதா போருக்கு முதல் தளபதியாக அவரையே அனுப்பினார்கள். ஸஹாபாக்களில் அல்குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. அதே 5ஆம் வசனம், வாப்பா யாரென்று தெரியாத பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறது. அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்பது அதன் கருத்து. வழியில் போடப்பட்ட குழந்தையை எடுத்துப் பராமரிப்பது ஊரின் மீது பர்ளு கிஃபாயா என்று ஷாபிஈ ஃபிக்ஹ் நூல்கள் 'லகீத்' என்ற தலைப்பில் தனிப் பாடமே வைத்திருக்கின்றன. ஆக, பிள்ளையை எடுக்கலாமா என்பது கேள்வியல்ல. அந்தப் பிள்ளை யார் பெற்ற பிள்ளை என்ற உண்மையை வைத்துக்கொண்டு எடுக்கிறோமா, அழித்துவிட்டு எடுக்கிறோமா என்பதே கேள்வி.

நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இங்கே அடிப்படை, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம். முஸ்லிம்களும் இதன் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது காழி நீதிமன்றத்தின் வேலையல்ல, மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பிள்ளை 14 வயதுக்குக் குறைந்ததாக இருக்க வேண்டும். எடுப்பவருக்கு 25 வயது நிறைந்திருப்பதோடு பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவுப் பிள்ளையானால் இந்த வயது நிபந்தனையில் தளர்வு உண்டு. தனித்த ஆண் ஒருவருக்குப் பெண் பிள்ளையை, விசேட காரணம் இருந்தாலன்றி, கொடுக்கமாட்டார்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். பெற்ற தாயின் சம்மதம் வெறும் கையெழுத்தாக இருந்தால் போதாது. இந்தக் கட்டளையோடு பிள்ளை மீதான தனது உரிமை நிரந்தரமாகப் போய்விடும் என்பதை அவள் விளங்கித்தான் சம்மதித்தாள் என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். பணமோ பொருளோ கைமாறியிருக்கக் கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். இந்த நன்னடத்தை உத்தியோகத்தர் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு பயம். குற்றவாளியைத் தேடி வருகிறவர் போல நினைக்கிறார்கள். வருமானம், வீட்டில் இருப்பவர்கள், உடல்நலம், ஏன் பிள்ளை வேண்டும் என்பன பற்றித்தான் கேட்பார். பிள்ளையைக் கொடுக்கும் பொறுப்பிலுள்ள எவரும் கேட்க வேண்டியவைதான் இவை.

அந்தச் சட்டத்தின் நீண்ட தலைப்பைப் படித்தால் ஒரு விடயம் தெரியும். மகவேற்புக்கு மட்டுமல்ல, பெற்றோரல்லாத ஒருவர் பிள்ளையின் பாதுகாவலராகப் பதிவதற்கும் ஏற்பாடு செய்யும் சட்டம் என்றே அது தன்னைச் சொல்கிறது. 1941இலேயே இரண்டும் வேறு என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் தனது 20ஆம் உறுப்புரையில் இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கிறது. மொரோக்கோ 2002இல் கைவிடப்பட்ட பிள்ளைகளின் கஃபாலாவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அல்ஜீரியாவில் 1992இன் ஆணையொன்று, வாப்பா தெரியாத பிள்ளைக்கு வளர்ப்பவரின் குடும்பப் பெயரை மட்டும் வழங்க இடமளித்தது. நஸபும் வாரிசுரிமையும் அதோடு சேர்ந்து வருவதில்லை. நம் நாட்டு முஸ்லிம்களுக்கு இப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஆகவே கையிலிருக்கும் சட்டத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவதே வழி. நீதிமன்றக் கட்டளை, எடுத்தவருக்குப் பிறந்த பிள்ளை போலவே சட்டத்தில் கருதப்படும் என்கிறது. அதை மார்க்கத்தில் நஸபாக நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பாடசாலை அனுமதிக்கும் கடவுச்சீட்டுக்கும் சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைப்பதற்கும் அந்தக் கட்டளை அவசியம். நாளைக்கு யாரும் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாமல் காப்பதும் அதுதான்.

நடப்பில் பச்சைக் குழந்தைகள் பெரும்பாலும் இந்த வாசலால் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தெரிந்த ஒருவர், மருத்துவிச்சிக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, கலியாணமாகாமல் கர்ப்பமான ஒருத்தி என்று காதோடு காதாகத்தான் செய்தி வருகிறது. சிறுவர் இல்லத்துப் பிள்ளைக்காக மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பெயர் பதிந்து காத்திருப்பது நீண்ட வேலை. கிடைக்கும்போது பிள்ளைக்கு இரண்டு, மூன்று வயதும் ஆகியிருக்கலாம். ஆசைப்பட்டவர்கள் அவசரப்படுவது எனக்கு விளங்காமலில்லை. தாயே நேரடியாகத் தன் பிள்ளையை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க விரும்பினால் சட்டம் அதைத் தடுக்கவுமில்லை. ஆனால் அதுவும் நீதிமன்றத்தின் ஊடாகவே நடக்க வேண்டும். பிறப்பைப் பெற்றவளின் பெயரிலேயே 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கட்டளை கிடைத்த பின் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளையைப் பதிவார்கள்.

ஆபத்து எங்கேயென்றால், பிரசவத்துக்கு முன்பே வளர்க்கப்போகிறவளின் பெயரில் கிளினிக் கொப்பி எடுத்து, அவளே பெற்றதாகப் பிறப்பைப் பதிவதில் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு 1995இல் சேர்க்கப்பட்டு 2006இல் திருத்தப்பட்டது. பிள்ளையை வாங்குவதும் விற்பதும் மட்டும் அதில் குற்றமல்ல. பிறக்காத பிள்ளைக்காகக் கர்ப்பிணியிடம் பணம் கொடுத்துச் சம்மதச் சத்தியக்கடதாசி வாங்குவது, மகவேற்புக்காக ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் பிள்ளை பிடிப்பது, பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவது ஆகியவற்றையும் அது ஆட்கடத்தல் என்ற தலைப்பின் கீழேயே வைத்திருக்கிறது. "நாங்க விக்கல்ல, வாங்கல்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் குடுத்தோம்" என்று சொல்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு கடுமையானதற்குக் காரணம் இந்த நாட்டிலேயே நடந்தது. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்கு மகவேற்பாக அனுப்பப்பட்டார்கள். 11,000 வரை இருக்கலாமென்று 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று சொன்னது. அவற்றில் பல, கடதாசி பொய்யான குழந்தைகள். வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்கவைத்து நீதிமன்றத்திலும் விமான நிலையத்திலும் காட்டியிருக்கிறார்கள். 1992இன் திருத்தச் சட்டம் வெளிநாட்டவருக்குக் கடுமையான நிபந்தனைகளை வைத்தது. 2020இன் கடைசியில் சுவிட்சர்லாந்து அரசு இலங்கை மகவேற்புகளுக்காக வருத்தம் தெரிவித்தது. 2021இன் தொடக்கத்தில் நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. அப்போது போன குழந்தைகள் இன்று நாற்பது வயதுக்காரர். ஐரோப்பாவில் எந்தக் குறையுமின்றி வளர்ந்தவர்கள் விமானம் ஏறி இங்கே வந்து, பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரைத் தேடிப் போய், அந்தப் பெண் தன்னைப் பெறவில்லை என்று அறிந்து திரும்பிப் போகிறார்கள். நாம் ஊருக்குள்ளே, அன்பின் பேரில், பணமே வாங்காமல் ஒரு பொய்ப் பத்திரம் செய்தாலும் பிள்ளைக்கு வந்து சேர்வது அதே கதவடைப்புத்தான்.

நமக்கோ அதற்கு மேலும் உண்டு. பெண் பிள்ளையென்றால் ஒரு நாள் நிகாஹ் வரும். ஷாபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிகாஹ் இல்லை. வளர்த்த வாப்பா எவ்வளவு பாசமானவரானாலும் வலீ அல்ல. பெற்ற வாப்பாவும் அவர் வழி ஆண்களும்தான் வலீமார். அவர்கள் யாருமில்லாவிட்டால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் காழியிடம் போகலாம். இதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். பொய்ப் பத்திரம் உள்ள வீட்டில் வளர்த்தவரே வலீயாக உட்கார்ந்து கைகொடுத்து விடுவார். மஜ்லிஸில் இருப்பவர்களுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. அந்த நிகாஹ் கூடுமா என்ற கேள்வி அவர் ஒருவரின் நெஞ்சில் மட்டும் கிடந்து அறுக்கும். அதைவிட மோசமானது, பெற்ற தாய்க்கு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது. சிறிய ஊர்களில், நாலு தெரு தள்ளி வளரும் உடன்பிறப்பே மாப்பிள்ளையாகப் பேசப்பட்டு வரமாட்டான் என்று யார் பொறுப்பு நிற்பது?

இனிப் பால்குடி உறவு. பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பதும், அதிகம் பிழையாக விளங்கி வைத்திருப்பதும் இதைத்தான். எடுத்து வளர்த்த பிள்ளை வயதுக்கு வந்ததும் வீட்டில் மஹ்ரம் பிரச்சினை வரும். ஆண் பிள்ளையென்றால் வளர்த்த உம்மாவுக்கு, பெண் பிள்ளையென்றால் வளர்த்த வாப்பாவுக்கு. இரண்டு வயதுக்குள் பால் கொடுத்து உறவு உண்டாக்கினால் இந்தப் பிரச்சினை நீங்கும். ஷாபிஈ மத்ஹபின்படி, சந்திர வருடக் கணக்கில் இரண்டு வயது முடியுமுன் தனித்தனியாக ஐந்து தடவை பால் குடித்திருக்க வேண்டும். ஹனஃபிகளிடம் ஒரு தடவையே போதும். போத்தலில் எடுத்துக் கொடுத்தாலும் உறவு உண்டாகும். ஆனால் ஒரே தடவையில் எடுத்த பாலை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றாகவே கணக்கு என்பது ஷாபிஈ மத்ஹபின் பலமான கருத்து.

யார் கொடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. வளர்க்கும் உம்மாவே கொடுக்க முடிந்தால் அதுவே மிக நல்லது. பெற்றறியாத பெண்ணுக்கும் இடைவிடாத தூண்டுதலாலும் மருத்துவ உதவியாலும் பால் சுரக்கவைக்க முடியும். பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இருக்கின்றன. வெட்கப்படாமல் அங்கே போய்க் கேட்கலாம். பிள்ளை வரும் முன்பே, வாரக்கணக்கில் முந்தித் தொடங்க வேண்டிய வேலை இது. வயிறு நிரம்ப வராவிட்டாலும் ஐந்து தடவைக்கான பால் வந்தால் அவள் பால்குடித் தாயாகிவிடுவாள். பிள்ளை பெண்ணென்றாலும் கவலையில்லை. தான் குடும்பம் நடத்தும் மனைவியின் பால்குடி மகள் என்ற வகையில் கணவருக்கும் அவள் மஹ்ரமாகிறாள்.

அது முடியாவிட்டால் உறவுக்காரப் பெண் ஒருவர் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் கணவர் பக்கம், ஆண் பிள்ளைக்கு மனைவி பக்கம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். கணவரின் ராத்தாவோ தங்கச்சியோ பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் கணவர் அவளுக்குத் தாய்மாமன். கணவரின் சகோதரனுடைய மனைவி கொடுத்தால் அவர் பெரியவாப்பாவோ சாச்சாவோ ஆகிவிடுவார். இரண்டிலும் மஹ்ரம். ஆண் பிள்ளைக்கு மனைவியின் சகோதரி கொடுத்தால் மனைவி அவனுக்குப் பெரியம்மா அல்லது சாச்சி. மனைவியின் சகோதரனுடைய மனைவி கொடுத்தால் மாமி. ஆனால் பொதுவாக நடப்பது என்ன? குழந்தை வந்ததும் மனைவியின் தங்கச்சிதான் பால் கொடுக்க ஓடி வருவாள். பிள்ளை பெண்ணாக இருந்தால் அதனால் கணவருக்கு ஒரு பயனுமில்லை. அவர் அந்தப் பிள்ளைக்குச் சாச்சியின் மாப்பிள்ளை மட்டும்தான். அந்நியர் அந்நியர்தான். பதினைந்து வருடம் கழித்து ஓர் ஆலிம் இதைச் சொல்லும்போது பிள்ளைக்கு மறுபடி இரண்டு வயதாகாது.

பால் கொடுத்தவரின் பெயர், எத்தனை தடவை, எந்தத் திகதி என்று எழுதி, இரண்டு பேர் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. கிழக்கில் மச்சானும் மச்சியும் முடிப்பது சாதாரணம். பால் கொடுத்த பெண்ணின் பிள்ளைகள் அனைவரும் இந்தப் பிள்ளைக்கு உடன்பிறப்புகளாகிவிட்டார்கள் என்பதை வருங்காலத்துப் பெரியவர்கள் மறந்துபோவார்கள். பால் கொடுப்பவரின் இரத்தப் பரிசோதனையையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை இரண்டு வயது தாண்டித்தான் கிடைத்ததென்றால் பால் வழி அடைபட்டது. அதற்காக எடுக்கக் கூடாதென்றில்லை. வயதுக்கு வந்த பின் வீட்டுக்குள் மறைப்பு ஒழுங்கு வைத்துக்கொண்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உறவில் பிள்ளை எடுப்பவர்கள் முன்கூட்டியே யோசித்தால் இந்தக் கஷ்டமே இல்லை. கணவரின் சகோதரன் மகளை எடுத்தால் பிறப்பாலேயே அவருக்கு மஹ்ரம். மனைவியின் சகோதரி மகனை எடுத்தால் பிறப்பாலேயே அவளுக்கு மஹ்ரம். உறவுப் பிள்ளைதானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் அதற்கும் நீதிமன்றக் கட்டளை எடுக்க வேண்டும்.

சொத்து விடயம் சுருக்கமானது, ஆனால் சண்டை அதில்தான் வரும். மரண சாசனம் இல்லாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி முஸ்லிம் சட்டப்படியே பிரியும். வளர்த்த பிள்ளை ஷரீஅத்தில் வாரிசு அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதுதான் வழக்கம். பிள்ளை பெறாத மனைவி மௌத்தானால் கணவருக்குப் பாதி, மீதி அவளுடைய சகோதரங்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும். கத்தம் ஓதி முடிந்த மறு மாதமே "வீட்டப் பாகம் பிரிக்கணும்" என்று வந்து நிற்கும் சகோதரங்களை மார்க்கம் குறை சொல்லவும் முடியாது. அது அவர்களின் ஹக். இருபது வருடம் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வாசலில் நிற்கும்.

இதற்கு மார்க்கமே இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். அந்த மூன்றில் ஒன்றும் அதிகம்தான் என்று ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது பிரபலமானது. மற்றது, உயிரோடிருக்கும்போதே ஹிபா, அதாவது நன்கொடை. இதற்கு மூன்றிலொன்று வரையறை இல்லை. காணியும் வீடும் என்றால் நொத்தாரிசு முன் உறுதி எழுதியே ஆக வேண்டும். அதே 1931இன் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. உறுதியைப் பெறுபவரிடம் கொடுத்தால் உடைமையைக் கொடுத்ததற்கு அது சான்றாகும். திரும்பப் பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதினாலன்றி நன்கொடை திரும்பப் பெறக்கூடியதே. இந்த ஒரு வசனத்தை எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேட்பதா இல்லையா என்பதைத் தம்பதியர் நன்றாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். வயதான காலத்தில் தங்கள் தலைக்கு மேல் கூரையும் வேண்டும்தானே.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. நமது முதலெழுத்துகள் பெரும்பாலும் வாப்பாவின் பெயரைத்தான் சுமக்கின்றன. ஆகவே வளர்ப்பவரின் முதலெழுத்தைப் பிள்ளைக்கு முன்னால் போடுவது 'இன்னார் மகன்' என்று சொல்வதாகவே ஊருக்குப் படும். பெற்ற வாப்பாவின் பெயர் தெரிந்தால் அதையே வைக்கலாம். தெரியாவிட்டால் அப்துல்லாஹ் என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அல்லாஹ்வின் அடியார்கள்தானே. எந்தப் பெயரென்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும். பழைய பிறப்புப் பதிவின் பிரதியொன்றைக் கட்டளையோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வைப்பதும் அவசியம்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது? பலர் "பெருசானதும் சொல்லலாம்" என்பார்கள். பெரியவனாவது எப்போது? 15 வயதானதும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை ஊடாகப் போகும். அதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். சில வருடங்கள் அந்த வேலை என் பொறுப்பில் இருந்தது. ஒரு முறை ஒரு மாணவி தன் பத்திரத்தை நீட்டி, "டீச்சர், எண்ட சேட்டிபிக்கட் மத்தவங்கட மாதிரி இல்ல. நான் எடுத்து வளத்த புள்ள" என்றாள். மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கும் குரலில்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவளும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் ஃபோமை நிரப்பத் தொடங்கிவிட்டாள். வேறொரு வருடம் ஒரு மாணவன் விளையாட்டுத் திடலில் நடந்த சண்டையொன்றில், அடித்தவனின் வாயிலிருந்து அதைக் கேட்டான். நாலைந்து கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வளர்த்த உம்மா என் முன்னால் வந்து அழுதபோது சொன்னது ஒன்றுதான்: "ஊருக்கே தெரிஞ்சிருக்கு டீச்சர். அவனுக்கு மட்டுந்தான் தெரியாது."

மூன்று, நான்கு வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்கலாம். "ஒங்கள வேற ஒரு உம்மா பெத்தாங்க, அவங்களுக்கு வளக்க ஏலாமப் போச்சு, நாங்க அல்லாஹ்ட்ட புள்ள கேட்டுக்கிட்டிருந்தம்" என்ற மூன்று வரி அந்த வயதுக்குப் போதும். பெற்றவளைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் வேண்டாம். அவள் எந்த நிலையில் பெற்றிருந்தாலும் அந்தப் பாவம் பிள்ளையுடையதல்ல. மூஸா (அலை) அவர்களை இன்னொரு வீட்டில் வளர்த்தார்கள், நம் நபியவர்களும் வாப்பாவைக் காணாமல் பெரியவாப்பாவின் வீட்டில் வளர்ந்தவர்கள், ஹலீமா (ரழி) அவர்களிடம் பால் குடித்தவர்கள். இந்தச் சீறாக் கதைகளைச் சொல்லும்போதே பிள்ளையின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்குச் சேர்க்க வரும்போது வகுப்பாசிரியையிடமும் தனியாக ஒரு சொல் சொல்லி வையுங்கள். 'என் குடும்பம்' என்று படம் கீறச் சொல்லும் நாளில் அவருக்கு அது உதவும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரிடமோ நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ முதலில் பேசுங்கள். திருமணப் பதிவு, இருவரின் பிறப்புப் பத்திரங்கள், வைத்திய அறிக்கை, வருமானச் சான்று, கிராம உத்தியோகத்தரின் சான்று என்பவற்றை ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். குழந்தையொன்று கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு ஓடித்திரிவதை விட, அது வருமுன் இந்தக் கோவையும், பால் யார் கொடுப்பது என்ற பேச்சும் வீட்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்து உம்மம்மாமாரையும் அந்தப் பேச்சில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.